நல்லிணக்கத் தன்னார்வலர் சாரதாமணி

"சி. சாரதாமணி, நல்லிணக்கத் தன்னார்வலர். இன்சொல்லாலும் பொறுமையாலும் அண்டை வீட்டாரிடையே அமைதி நிலவச் செய்பவர். புதிதாகக் குடிவருவோரை அன்புடன் வரவேற்று, மனம் நோகாதவாறு ஊர்ப் பழக்கங்களை எடுத்துச் சொல்பவர்."

மகளிர் குழுக் கூட்டமைப்பு கொடுத்த அடையாள அட்டையில் இப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு புகைப்படம். அதில் சாரதாமணியின் வாய் மூடியிருக்கிறது. அட்டையில் இருக்கும் பிழைகளில் அதுவும் ஒன்று.

அவரைத் தன்னார்வலராகத் தேர்ந்தெடுத்த கதை வெண்ணந்தூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். ராசிபுரத்தில் ஒரு நாள் பயிற்சி, தெருவுக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். அன்று தண்ணீர் வரும் நாள். சாரதாமணி ஊரில் இல்லாமல் தண்ணீர் பிடிப்பது எப்படி இருக்கும் என்று பெண்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தார்கள். ஒருமனதாகக் கை தூக்கினார்கள்.

அவருக்கு நாற்பது வயது. வீட்டின் முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள். தறி ஓடும்போது பேசிப் பழகிய குரல் என்பதால், தறி நின்ற பிறகும் அதே அளவில்தான் வரும். கணவர் சின்னராஜ் சாந்தமானவர். "எங்கூட்டுல ரெண்டு சத்தமுங்க. ஒண்ணுக்குச் சுவிட்ச் இருக்குது" என்பது அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை. அதையும் டீக்கடையில் வைத்துத்தான் சொன்னார்.

இதை வைத்து சாரதாமணியை மரியாதை தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. வயதில் மூத்தவர்களை முகத்துக்கு நேரே திட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். அதற்காகவே ஒரு வெள்ளாடு வைத்திருந்தார். எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவில் விட்டால், ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து அந்த வாசலுக்கு நேராகக் கட்டுவார். கட்டிவிட்டு ஆட்டிடம் நியாயம் கேட்பார்.

"ஏண்டி, வயசுதான் ஆச்சே, புத்தி வேண்டாமா? ஊருக்குப் போற தடத்துல தண்ணிய உட்டுட்டு நிக்கறயே, எவனாச்சும் வழுக்கி உழுந்தா உங்கொப்பனா வந்து தூக்குவான்?"

ஆடு தழையைத் தின்றுகொண்டிருக்கும். தமிழ்ச்செல்விக்கு ஆடு கிடையாது. அவர் விளக்குமாற்றிடம் பதில் சொல்வார். இருபது வருடமாக இந்த இரண்டு பெண்களும் ஒரு சுடுசொல்கூட நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. பார்த்தால் "சாப்டாச்சுங்களா பெரிம்மா", "ஆச்சு சாரதா" என்பதோடு சரி.

தமிழ்ச்செல்விக்கு ஒரே மகன், கௌதமன். மீசை முளைத்த நாளிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. ஆந்திரா, சத்தீஸ்கர் என்று துளை போட்டுக்கொண்டே போய், கடைசியில் தான்சானியா நாட்டில் முவான்சா என்ற ஊரில் நின்றார். அது கடல் போன்ற ஓர் ஏரியின் கரையில் இருக்கும் ஊர். ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீருக்குத் துளை போட வெண்ணந்தூர்க்காரனால்தான் முடியும். அங்கே சந்தையில் நெத்திலி மாதிரியான சின்னக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார் நீமா. கௌதமன் கருவாட்டு விலையைப் பேரம் பேசினார். அவ்வளவு கேவலமாகப் பேரம் பேசும் ஒருவனை நீமா அதுவரை பார்த்ததில்லை. இரக்கப்பட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டதாக அவரே பிற்பாடு சொன்னார்.

ஆடி மாதம் இருவரும் ஊருக்கு வந்தார்கள். கௌதமன் ரிக் வேலையை விட்டுவிட்டு வீட்டில் தறி போட்டார். நீமா கிளம்பும்போதே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தை பிறக்கும் வரை இருந்து பார்ப்பார். பிடித்தால் இருப்பார், பிடிக்காவிட்டால் திரும்பிப் போவார். கூட வருவதும் வராததும் கௌதமன் பாடு. கூடப் போய்விடுவான் என்பது தமிழ்ச்செல்விக்குத் தெரியும். நீமா கொண்டுவந்த பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அலமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும் அவர் துணிகளை எடுத்து அடுக்கவில்லை. துவைத்து, காய வைத்து, மடித்து, மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்தார். மாமியார் தினமும் கூட்டும் சாக்கில் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

முதல் வாரம் தெருவில் சிலர் மருமகளின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டவர்கள் எல்லோருமே வீட்டில் கண்ணாடி இல்லாதவர்கள் போலிருந்தது. அதன் பிறகு தெருவில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

தமிழ்ச்செல்வி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "கண்காணாத சீமையில இருந்து வந்திருக்குது. ஒரு வார்த்த யாரும் மொகஞ்சுளிச்சுப் பேசீராதீங்க சாமி. தைப்பொங்கல் தாண்டட்டும்."

அப்படியே நடந்தது. நீமா வெளியே வந்தால் எல்லோரும் சிரித்தார்கள். எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டார்கள். விளக்குமாற்றைத் தொட்டால் பிடுங்கிக்கொண்டார்கள். குழாயடியில் அவர் குடம் வந்தால், வரிசையில் இருந்த குடங்கள் எல்லாம் நகர்ந்துகொண்டன. யாராவது ஒருத்தி நிரப்பி, இன்னொருத்தி இடுப்பில் வைத்து வீடு வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆத்தூரில் இருந்து அதே தெருவுக்கு வந்த இன்னொரு மருமகளுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை. அந்த மருமகள் இதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

நீமா இளைத்துப்போனார். பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டார். அக்காவிடம் போனில் பேசிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஊர் தனக்குத் தெரிந்த வைத்தியங்களை எல்லாம் செய்தது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் ஏரியைக் காட்டினார்கள். நீமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதன் மீதி எங்கே என்று கேட்டார். அவர் ஊரில் மக்காச்சோள மாவில் களி கிண்டுவார்கள் என்பதால் கௌதமன் கோழித்தீவன ஆலைக்குப் போய் ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கி வந்தார். நாமக்கல் பக்கத்தில் மக்காச்சோளம் என்றால் கோழிக்கு. மருமகளுக்குத் தீவனம் போடுகிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. நீமா மூட்டையைத் திறந்து பார்த்தார். அவர்கள் சாப்பிடுவது வெள்ளைச் சோளம்; மஞ்சள் சோளம் அங்கேயும் கோழிக்குத்தான். இரண்டு நாடுகளுக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

இத்தனை நாளும் சாரதாமணி வாயைத் திறக்கவில்லை. தமிழ்ச்செல்வி கேட்டுக்கொண்டதற்காக அல்ல. கழுத்தில் அட்டை இருந்தது. கூட்டமைப்பு மேடம் இலக்கியா மாதம் ஒரு முறை வந்து, "நல்லிணக்கம் எப்படிங்க போகுது?" என்று கேட்டுவிட்டுப் போவார். சாரதாமணி பல்லைக் கடித்துக்கொண்டு, "போகுதுங்க" என்பார்.

ஐப்பசியில் ஒரு காலை. மழையில் எங்கோ குழாய் உடைந்து, தண்ணீர் நூல் மாதிரி வந்தது. சாரதாமணியின் குடம் இருட்டோடு வந்து முதலில் நின்றது. வழக்கம்போல நீமாவின் குடத்தை முன்னால் வைத்தார்கள். அது நிரம்பியது, வழிந்தது. நீமா போனில் அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் சாக்கடைக்குப் போனது.

சாரதாமணி காலால் ஓர் உதை விட்டார். குடம் உருண்டது.

"ஏம்மிணி, கண்ணு எங்க இருக்குது உனக்கு? ஊரே நாக்கு வறண்டு நிக்குது, நீ சாக்கடைக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கற. ஒறம்பரைக்கு வந்தவன்னா நாலு நாள்ல போயிருக்கோணும். குடியிருக்க வந்தவன்னா கொடத்தப் பாக்கோணும். ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டு அப்பறம் போனைப் பாரு."

விருந்தாளியைப் பார்த்து விருந்தாளி என்று சொல்லிவிட்டாள். நாலைந்து பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். ஆத்தூர் மருமகள் மட்டும் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீமா உருண்டுபோன குடத்தைப் பார்த்தார். சாரதாமணியைப் பார்த்தார். போனை ஜாக்கெட்டுக்குள் செருகினார். இடுப்பில் கை வைத்தார். பிறகு தன் மொழியில் ஆரம்பித்தார். நான்கு தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. சாரதாமணி தமிழில் ஏற, நீமா சுவாகிலியில் ஏற, இருவருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை. நீமா தன் குடத்தை எடுத்து வந்து மறுபடியும் குழாயின் கீழ் வைத்தார். சாரதாமணி எடுத்து எறிந்தார். நீமா சாரதாமணியின் குடத்தை எடுத்தார். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் பிளாஸ்டிக் குடத்தின் கழுத்து கிழிந்தது. கழுத்து சாரதாமணியின் கையில், உடல் நீமாவின் கையில்.

கௌதமன் ஓடி வந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். தமிழ்ச்செல்வி மடேரென்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் நீமா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். ரசத்துக்கு மூன்றாம் முறையும். சாப்பிட்டுக்கொண்டே கணவனிடம் நிறையப் பேசினார்.

"என்னடா சொல்லுது?" என்றார் தமிழ்ச்செல்வி.

"அவங்க சந்தையில தெனமும் காலைல எடத்துக்குச் சண்டையாமா. போட்டாத்தான் எடமாம். சண்டைக்கே வராதவங்கள டூரிஸ்ட்டும்பாங்களாம். இந்த ஊர்ல தன்ன ஆளுன்னு மதிச்சு ஒருத்திதான் பேசுனாங்குது."

"கொடத்த ஒதச்சவளா மதிச்சவ?"

"நாளைக்கு எப்பத் தண்ணி வரும்னு கேக்குதும்மா."

அதன் பிறகு தண்ணீர் வரும் நாளெல்லாம் சண்டை. வராத நாட்களில் வேறு காரணம் இருந்தது: குப்பை, கோழி, கொடிக்கயிறு. நீமாவின் தமிழ் அந்த வழியில்தான் வளர்ந்தது. கௌதமன் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த வணக்கம், நன்றி எல்லாம் நிற்கவில்லை. "கைய எடுங்க, கால ஒடச்சிருவேனுங்க" என்று முழு வாக்கியமாக, கொங்கு மரியாதை குறையாமல் வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருவுக்குப் போகும் நாட்களில் ஆடு தங்கள் வாசலுக்கு வருவதையும், மாமியார் விளக்குமாற்றிடம் பேசுவதையும் அவர் திண்டு மாதிரி ஒரு நூல் மூட்டையில் சாய்ந்துகொண்டு கவனித்தார். முதலில் இந்த ஊரில் பெண்களுக்குப் பைத்தியம் என்று நினைத்தாராம். பிறகு முறை புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் இரண்டு சேலைகள் அலமாரிக்கு வந்திருந்தன.

தமிழ்ச்செல்வி இதை நம்பவில்லை. திட்டு வாங்கி உடம்பு தேறியவர்களை அவர் பார்த்ததில்லை. கார்த்திகையில் ஓமலூரில் இருந்து அவர் தங்கை வந்து ஒரு சண்டையை முழுதாகப் பார்த்துவிட்டு, "மருமவளத் தெருவுல உட்டு வேடிக்க பாக்கறயாக்கா? பொங்க முடிஞ்சதும் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிரும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் தமிழ்ச்செல்வி விளக்குமாறு இல்லாமல் தெருவைக் கடந்து சாரதாமணி வீட்டுக்கு வந்தார். இருபது வருடத்தில் அது முதல் முறை.

"சாரதா, எனக்கிருக்கறது ஒரு பையன். அவனும் போயிட்டா நான் இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கோணும். நோம்பி முடியற வரைக்கும் அந்தப் புள்ளகிட்ட வாயத் தொறக்கமாட்டன்னு சொல்லு."

ஆடு இல்லாமல், விளக்குமாறு இல்லாமல், நேராக ஒரு மூத்தவர் தன் முகத்தைப் பார்த்து அழுதால் என்ன செய்வது என்று சாரதாமணிக்குத் தெரியவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போய், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, பொங்கல் வரை நீமாவிடம் ஒரு சுடுசொல் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார். சின்னராஜ் அன்று தறியை நிறுத்திவிட்டு, கேட்கும் அமைதி உண்மைதானா என்று வெளியே வந்து பார்த்தார்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது நீமா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக வந்தார். சாரதாமணி குடத்தை நகர்த்திக்கொண்டார்.

"நீங்க புடிச்சுக்குங்க அம்மிணி."

நீமா அவரைத் தள்ளினார், லேசாக. சாரதாமணி சிரித்தார், ஊரெல்லாம் சிரித்த அதே சிரிப்பு. நீமா வேண்டுமென்றே குடத்தை வழிய விட்டார். சாரதாமணி வானத்தைப் பார்த்தார். அடுத்தடுத்த முறைகளும் அப்படியே. "என்னாச்சுங்க அக்கா?" என்று நீமா நேராகவே கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருங்க" என்று பதில் வந்தது.

மார்கழிக் கடைசியில் அலமாரியில் இருந்த இரண்டு சேலைகளும் பெட்டிக்குத் திரும்பின. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்து கட்டிலுக்கு மேலே வந்தது. "அவங்களுக்கும் நான் ஒறம்பரை ஆயிட்டேன்" என்றார் நீமா கணவனிடம். அந்த ஒரு சொல்லைத் தமிழிலேயே சொன்னார். முதல் சண்டையில் கற்றுக்கொண்ட சொல்.

கௌதமன் எதிர்வீட்டுக்கு ஓடினார். "அக்கா, வந்து ரெண்டு வார்த்த திட்டீட்டுப் போங்க."

"உங்கம்மா சூடம் அணைக்க வெச்சிட்டாங்க சாமி. நாக்கு அழுகீரும்."

"பெட்டி கட்டுறாக்கா."

சாரதாமணி தறியை நிறுத்தினார். "கட்டுறாளா? எங்கொடத்தக் கிழிச்சுப்போட்டுப் புதுக்கொடம் வாங்கித் தராமயா போறா?"

"இதையே அங்க வந்து சொல்லுங்க."

"முடியாதுங்கறன். அம்மங்கிட்ட சொல்லியிருக்கறன். நீமாவத் திட்டமாட்டன்னு."

சொல்லிவிட்டு அவர் வாசலைப் பார்த்தார். முளைக்குச்சியில் கட்டியிருந்த ஆடு தழை தின்றுகொண்டிருந்தது. நீமா வயதில் சின்னவர். சின்னவர்களுக்கு ஆட்டைப் பயன்படுத்தும் வழக்கம் இல்லை. ஆனால் அம்மனிடம் ஆட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டை அவிழ்த்து இழுத்து வந்து எதிர்வாசல் கம்பத்தில் கட்டினார். தெரு தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது.

"ஏண்டி, சொல்லாமக் கொள்ளாம எங்கடி கெளம்பற? கொடத்தக் கிழிச்சவ எவ? வாங்கித் தந்தியா? தண்ணி புடிக்கத் தெரியாது, குப்பை கொட்டத் தெரியாது, கொடியில எந்துணி மேல உந்துணியப் போடறதுக்கு மட்டும் தெரியும். ரெண்டு மாசம் தொண்ட கிழிய உனக்கு நாயம் சொல்லிக் குடுத்தனே, அதுக்குள்ளயும் ஓட்டமா? போறவ போ. போயி உங்கூரு ஏரியில நின்னு பாரு, உன்னத் திட்டறதுக்கு என்ன மாதிரி ஒருத்தி கெடைப்பாளான்னு."

ஆடு தழையை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தது. இவ்வளவு நீளமாக அதை யாரும் திட்டியதில்லை.

தமிழ்ச்செல்வி கதவோரம் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்த்துப் பேச வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று விளங்கவில்லை. பிறகு நீமா வந்தார். கையில் பாதி மடித்த ரவிக்கை. சாரதாமணியின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஆட்டின் முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்தார்.

"ஏ ஆடு. உங்கொடம் பழைய கொடம். நான் கிழிக்கல, அதே கிழிஞ்சது. கொடி எங்கூட்டுக் கொடி. உந்துணிதான் மேல வருது. நாளைக்குத் தண்ணி. நான் முதல். நீ வந்து பாருங்க."

"நாளைக்கா? நாளைக்கு எவ முதல்ல நிக்கறான்னு பாக்கலாம்டி ஆடு" என்றார் சாரதாமணி.

"பாக்கலாங்க ஆடு" என்றார் நீமா.

இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய ஆடு கால் மடக்கிப் படுத்துக்கொண்டது. மேலும் கொஞ்ச நேரம் அதன் தலைக்கு மேலேயே கொடி, குப்பை, கோழி எல்லாம் பேசி முடித்தார்கள். தமிழ்ச்செல்வி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் இருந்த துணிகளை எல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினார். நீமா பார்த்துவிட்டு, அடுக்கியது சரியில்லை என்று கலைத்து, அதே அலமாரியில் வேறு மாதிரி அடுக்கினார். மாமியாரும் மருமகளும் போட்ட முதல் சண்டை அது.

பொங்கலன்று நீமா வாசலில் போட்ட கோலம் தெருவின் பாதியைத் தாண்டி எதிர்வீட்டு எல்லைக்குள் ஒரு சாண் போனது. சத்தியம் முடிந்திருந்ததால் ஆட்டுக்கு அன்று விடுமுறை. இப்போது அந்தப் பெட்டியில் கௌதமன் நூல் வைத்திருக்கிறார். நீமா வாரச்சந்தையில் கருவாடு விற்கிறார். அங்கே இடத்துக்குச் சண்டை போட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மாசியில் கூட்டமைப்பின் ஆண்டு விழா. இலக்கியா மேடம் மேடையில் வாசித்தார்: வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு நினைவில் வாடிய ஒரு மருமகளை, சகோதரி சாரதாமணி இன்சொல்லாலும் பொறுமையான ஆலோசனைகளாலும் தேற்றி, இந்த ஊரிலேயே நிலைக்கச் செய்தார். சால்வை போட்டார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நீமா, சால்வை தனக்கும் வர வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார்.

சாரதாமணி ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. குழாயடியில் நீமாவின் குடத்தை உதைத்தார். சூடம் அணைத்த பிறகு, நீமாவின் வாசலில் நின்று ஆட்டைத் திட்டினார்.